வன்னியில் நோய் ஆய்வு: பக்கச்சார்பு எங்கே நுழைகிறது, எப்படித் தடுப்பது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வவுனியா வடக்கு, செட்டிகுளம், மாந்தை, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்களில் வீடு வீடாகத் தரவு சேகரிக்கும் மருத்துவ மாணவர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், ஆய்வு உதவியாளர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். உதாரணங்களுக்குப் பெரும்பாலும் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயை எடுத்திருக்கிறோம். 1990களில் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்த இந்த நோய், அவற்றை ஒட்டிய வன்னிப் பகுதிகளிலும் உண்டு. நீரிழிவோ நீண்டகால இரத்த அழுத்தமோ இல்லாத, வயலில் வேலை செய்யும் நடுவயதினரையே அது அதிகம் பிடிக்கிறது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. பிழையான காரணத்தைத் துரத்திக்கொண்டு பத்து வருடம் போனால், அந்தப் பத்து வருடமும் சனம் உண்மையான ஆபத்தோடுதான் வாழும். ஆகவே இந்த விஷயத்தில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை. கீழே வரும் ஊர்க் கணக்குகள் விளக்கத்துக்காகக் கற்பனையாகப் போட்டவை.

பக்கச்சார்பு என்றால் யாரோ வேண்டுமென்று செய்த மோசடியா?

பெரும்பாலும் இல்லை. நேர்மையானவர்கள், நல்ல நோக்கத்தோடு, கஷ்டப்பட்டுச் சேர்த்த தரவிலும் அது இருக்கும். ஆய்வின் அமைப்பே விடையை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தால் அது பக்கச்சார்பு. தற்செயல் பிழை அப்படியல்ல. அது ஒருமுறை கூட்டும், ஒருமுறை குறைக்கும். ஆட்களின் எண்ணிக்கை கூடக்கூட அடங்கிவிடும். நூறு கிராம் கூடக் காட்டும் தராசில் ஆயிரம் தடவை நிறுத்தாலும் அந்த நூறு கிராம் போகாது.

எண்ணில் பார்ப்போம். 400 பேரில் 8 வீதத்தினருக்கு நோய் என்று வந்தால், 95 வீத நம்பக இடைவெளி (உண்மையான வீதம் இருக்கக்கூடிய எல்லை) ஏறத்தாழ 5.3 முதல் 10.7 வரை. 1,600 பேரை எடுத்தால் அது 6.7 முதல் 9.3 வரை சுருங்கும். ஆனால் வயலுக்குப் போன ஆண்கள் இரண்டிலுமே விடுபட்டிருந்தால், பெரிய ஆய்வு அதே பிழையான விடையைக் கூடிய உறுதியோடு சொல்லும், அவ்வளவுதான். "மாதிரி பெரிசு, ஆகவே பிரச்சினையில்லை" என்ற வாதத்தை எங்கே கேட்டாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

ஏற்புடைமையில் உள், புறம் என்று இரண்டு சொல்கிறார்களே?

ஆய்வில் சேர்ந்த ஆட்களைப் பற்றிச் சொன்ன முடிவு அவர்களுக்கே சரியா என்பது உள் ஏற்புடைமை. அதே முடிவு மற்றவர்களுக்கும் பொருந்துமா என்பது புற ஏற்புடைமை. முன்னது இல்லாமல் பின்னதைப் பற்றிப் பேச முடியாது. செட்டிகுளத்து நெல் விவசாயிகளிடம் ஒழுங்காகச் செய்த ஆய்வை நெடுங்கேணிக்குக் கொண்டுபோகலாமா என்று யோசிப்பதில் அர்த்தம் உண்டு. முல்லைத்தீவுக் கரையோர மீனவருக்கு அதை அப்படியே கொண்டுபோகக் கூடாது. நீர் வேறு, வேலை வேறு, வெயிலில் நிற்கும் நேரமும் வேறு.

மாதிரி எடுக்க வாக்காளர் இடாப்புப் போதாதா?

வன்னியில் போதாது. இந்தக் கேள்விக்கு நேரம் செலவழிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் இங்கே நடக்கும் ஆய்வுகளில் மிகப் பெரிய சேதம் இந்தப் படியிலேயே நடந்துவிடுகிறது.

பதிவு ஒரு இடத்திலும் குடியிருப்பு இன்னொரு இடத்திலும் உள்ள குடும்பங்கள் ஏராளம். இடம்பெயர்ந்து 2009க்குப் பிறகு கட்டம் கட்டமாக மீள்குடியேறியவர்களில் ஒரு பகுதியினர் பிள்ளைகளின் படிப்புக்காக வவுனியா நகரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறார்கள். பெயர் ஊரில் இருக்கிறது. வெளிநாடு போனவர்களின் பெயரும் சில இடங்களில் நீடிக்கிறது. மறுபுறம், காணி இல்லாமல் ஒதுக்குப்புறத்தில் கொட்டில் போட்டிருப்பவர்கள், குத்தகைக்கு வயல் செய்ய வந்தவர்கள், புதிதாகக் கல்யாணம் செய்து தகப்பனின் அடிவளவில் தனி அடுப்பு வைத்தவர்கள் பட்டியலில் இருக்க மாட்டார்கள். நோயின் பாரம் கூடுதலாக விழக்கூடியவர்களும் இவர்கள்தான்.

குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு நல்ல பதிவேடு. ஆனால் அது தாய்-சேய் நலத்துக்காக, கருவள வயதுப் பெண்கள் உள்ள குடும்பங்களை மையமாக வைத்து எழுதப்படுவது. தனியே வாழும் முதியவரையும் மணமாகாத ஆணையும் அதில் தேடிப் பயனில்லை.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். முதலில் கிராம அலுவலர் பிரிவுகளைச் சனத்தொகைக்கு ஏற்ற நிகழ்தகவோடு குலுக்கித் தெரிவு செய்யுங்கள். தெரிவான பிரிவில் ஆய்வுக்கு முந்திய இரண்டு வாரத்துக்குள் கிராம அலுவலர், கமக்கார அமைப்புத் தலைவர், மாதர் சங்கத்தில் ஒருவர் ஆகிய மூவரையும் இருத்தி, ஒழுங்கை ஒழுங்கையாக இன்று அடுப்பு எரியும் வீடுகளின் பட்டியலைப் புதிதாக எழுதுங்கள். மூவர் எதற்கென்றால், ஒருவர் மறந்த வீட்டை மற்றவர் சொல்வார். பிறகு அந்தப் பட்டியலில் இருந்து குலுக்கல். வீட்டுக்குள் வயது வந்தவர்கள் பலர் இருந்தால் அங்கேயும் குலுக்கல்தான். "ஆர் வீட்டில நிற்கிறீங்கள்?" என்று கேட்டு நின்றவரை எழுதினால் அது மாதிரி அல்ல.

சந்தியில் நின்று போத்தலைச் சுற்றிவிட்டு, அது காட்டிய திசையில் வீடுகளை எடுக்கும் பழைய முறை வீதியோர வீட்டையும் கடைக்காரரையும் அள்ளிக்கொண்டு வரும். குளக்கட்டுக்குப் பின்னால் இருப்பவர் விடுபடுவார். அதைக் கைவிடுங்கள். ஊர் ஊராகத் தெரிவு செய்யும் கொத்து மாதிரியில் ஒரே ஊரார் ஒரே கிணற்றைக் குடிப்பதால் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இந்த ஒற்றுமைக்காக மாதிரியை எத்தனை மடங்காக்க வேண்டும் என்பதே வடிவமைப்பு விளைவு. அதை 2 என்று எடுத்தால், எளிய மாதிரிக்கு 400 பேர் வேண்டிய இடத்தில் 800 பேர் வேண்டும்.

பகலில் போனால் ஆண்கள் இல்லை. இருக்கிறவர்களை எடுத்து முடித்துவிடலாமா?

முடித்தால் தாய்மாரையும் தாத்தாமாரையும் பற்றிய ஆய்வு ஒன்று கையில் இருக்கும். சிறுநீரக நோய் ஆய்வில் நீங்கள் தேடி வந்தவர் விதைப்புக்கோ அருவி வெட்டுக்கோ போயிருப்பார். குறைந்தது மூன்று முறை போக வேண்டும். அதில் ஒன்று மாலை ஐந்து மணிக்குப் பிறகும், ஒன்று ஞாயிறு அல்லது போயா நாளிலும் இருக்கட்டும். காலபோக அறுவடை உச்சத்தில் களவேலையை வைக்காதீர்கள்.

மூன்று முறை போயும் கிடைக்காதவரை "கிடைக்கவில்லை" என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். வயது, பால், தொழில், வீட்டின் குடிநீர் மூலம் ஆகிய நான்கையும் வீட்டாரிடம் கேட்டு எழுதலாம். கடைசியில் சேர்ந்தவரையும் சேராதவரையும் இந்த நான்கிலும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போடுங்கள். 85 வீதம் பேர் சேர்ந்தார்கள் என்பதை விட, சேராத 15 வீதம் எப்படிப்பட்டவர்கள் என்பதே வாசிப்பவருக்குத் தேவையான செய்தி.

மருத்துவ முகாமில் சேர்ந்த தரவைப் பாவிக்கலாமா?

நோயாளரைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்ப முகாம் நல்லது. நோயின் வீதத்தைச் சொல்ல அதைப் பாவிக்கக் கூடாது. குடும்பத்தில் யாருக்கோ நோய் இருப்பவர் பயந்து வருவார், கால் வீங்கியவர் வருவார், நாட்கூலி வேலையை விட முடியாதவர் வரமாட்டார்.

நோயாளியை ஒப்பிட ஆரோக்கியமானவரை எங்கே தேடுவது?

நோயாளரையும் நோயற்ற ஒப்பீட்டாளரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நோயாளி–ஒப்பீட்டாளர் ஆய்வின் உயிரே இதில்தான் இருக்கிறது. விதி ஒன்றே: ஒப்பீட்டாளர், நோயாளிகள் வந்த அதே சனத்தொகையிலிருந்து வர வேண்டும், அவருக்கு அந்த நோய் வந்திருந்தால் உங்கள் நோயாளிப் பட்டியலில் சேர்ந்திருப்பவராக இருக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் இருக்கும் வேறு நோயாளி வசதியானவர். ஆனால் வைத்தியசாலைக்கு வந்தவர் ஊரைப் பிரதிபலிப்பவர் அல்ல. 1946இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் பெர்க்சன் காட்டியது இதைத்தான்: இரண்டு நோய்களும் தனித்தனியே ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவருமானால், ஊரில் சம்பந்தமே இல்லாத அந்த இரண்டும் வார்டுக்குள் சம்பந்தப்பட்டவை போலத் தெரியும். 1981இல் அமெரிக்காவில் கோப்பிக்கும் கணையப் புற்றுநோய்க்கும் தொடர்பு என்று வந்த ஆய்வு பெரிய பரபரப்பை உண்டாக்கியது. அதன் ஒப்பீட்டாளர்களில் பலர் குடல், வயிற்று நோய்க்காரர். வயிற்று உபாதையால் கோப்பியைக் குறைத்திருக்கக்கூடியவர்கள் அவர்கள். கோப்பி கூடியதால் அல்ல, ஒப்பீட்டாளரிடம் குறைந்ததால் எழுந்த தொடர்பு என்பதே அந்த ஆய்வின் மீது வைக்கப்பட்ட முக்கிய விமர்சனம்.

அதற்குப் பயந்து நோயாளியின் அயல் வீட்டாரை எடுத்தால் வன்னியில் இன்னொரு குழி இருக்கிறது. அயலார் பெரும்பாலும் அதே பொதுக்கிணற்றையோ அதே நீர்ப்படுகையில் இறங்கிய கிணற்றையோதான் பாவிக்கிறார். நீரைப் பற்றிய ஆய்வில் நோயாளியும் ஒப்பீட்டாளரும் ஒரே நீரைக் குடித்தால், உண்மையிலேயே விளைவு இருந்தாலும் அது காணாமல் போகும். வெயிலிலும் வேலையிலும் காரணத்தைத் தேடினால் அயலாரை எடுக்கலாம். நீரில் தேடினால் அதே சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு முழுவதிலும் இருந்து குலுக்கி எடுங்கள்.

நோயாளிகளை எடுப்பதிலும் கவனம் வேண்டும். கிளினிக் கொப்பியில் இருப்பவர்கள் இவ்வளவு காலம் உயிரோடு இருந்தவர்கள். விரைவில் இறந்தவரும், டயாலிசிஸுக்காக யாழ்ப்பாணமோ அநுராதபுரமோ போய்த் தங்கியவரும் அதில் இல்லை. கிளினிக்கில் கூடுதலாகக் காணப்படும் பழக்கம், நோயைக் கொடுப்பதாக இல்லாமல் நோயோடு நீண்டகாலம் வாழவைப்பதாகக்கூட இருக்கலாம். முடிந்தால் கடந்த 12 மாதத்தில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களை மட்டும் எடுங்கள்.

இருபது வருடத்துக்கு முந்திய விஷயத்தைச் சனம் எப்படி ஞாபகம் வைத்திருக்கும்?

வருடத்தைக் கேட்டால் வராது. சம்பவத்தைப் பிடித்துக் கேட்டால் வரும். ஒரு நீண்ட தாளில் கோடு போட்டு, அதில் 1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வு, 2002 போர்நிறுத்த உடன்படிக்கையும் ஏ9 திறந்ததும், 2004 மார்கழி சுனாமி, 2008–09 இடப்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம் ஆகியவற்றைக் குறியுங்கள். கீழே அவரவரின் கல்யாணம், மூத்த பிள்ளை பிறந்தது, வீடு கட்டியது. பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் எங்கே இருந்தார், எந்த நீரைக் குடித்தார், என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். இப்படிக் கேட்கும்போதுதான், இன்று வவுனியா வடக்கில் இருப்பவர் பதினைந்து வருடம் புதுக்குடியிருப்பில் இருந்தவர் என்பது வெளியே வரும். இன்றைய கிணற்று நீரை மட்டும் பரிசோதித்தால் அவரின் வாழ்நாளில் ஒரு சிறு துண்டைத்தான் அளக்கிறீர்கள். இந்தக் கேள்விகள் இழப்பைக் கிளறும். நிறுத்தவும், தாண்டிப் போகவும் அவருக்கு உரிமை உண்டென்று தொடங்குமுன் சொல்லிவிடுங்கள்.

மறதி எல்லோருக்கும் ஒரே அளவில் இருந்தால் தொடர்பு மங்கும். நோயாளிக்கு மட்டும் ஞாபகம் கூடினால் இல்லாத தொடர்பு முளைக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. "எனக்கேன் இந்த வருத்தம் வந்தது" என்று இரவு பகலாக யோசித்தவர், தெளித்த ஒவ்வொரு களைநாசினியையும் நினைவுபடுத்துவார். ஆகவே பெயர் கேட்பதோடு நிற்காமல், வெறும் போத்தல்களின் அல்லது லேபல்களின் படங்களை எல்லோருக்கும் ஒரே ஒழுங்கில் காட்டுங்கள். சந்தேகமே இல்லாத இரண்டு மூன்று பொருட்களையும் இடையில் சேருங்கள். அவற்றுக்கும் நோயாளிகளே கூடுதலாக "ஓம்" சொன்னால், ஞாபகம் ஒரு பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

யார் போய்க் கேட்கிறார் என்பதால் பதில் மாறுமா?

மாறும். சிறுநீரக நோயாளருக்குப் பிரதேச செயலகம் ஊடாகக் கொடுப்பனவு உண்டு. அதனால் கோவையோடு வருபவரை நிவாரணத்துக்குப் பதிய வந்தவர் என்று வீட்டார் நினைத்தால், நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் கூடுவார்கள். விவசாயத் திணைக்கள ஆள் என்று நினைத்தால் தடைசெய்த நாசினியைப் பற்றி விவசாயி வாய் திறக்க மாட்டார். கசிப்பு, கள்ளு பற்றி மனைவி முன்னால் கேட்டால் கிடைக்கும் பதில் ஆய்வுக்கு உதவாது. தனியே, தாழ்ந்த குரலில், "குடிப்பீங்களோ?" என்று கேட்காமல் "போன கிழமை எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். எந்த உதவித் திட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.

முடிந்தவரை, எதிரில் இருப்பவர் நோயாளியா ஒப்பீட்டாளரா என்பது கேட்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் நோயாளியிடம் ஒரு கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார், மற்றவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு நகர்வார். அதைத் தவிர்க்க முடியாவிட்டால், ஒவ்வொரு உதவியாளரும் இரு தரப்பிலும் சம அளவு பேரைச் செவ்வி காணட்டும்.

சிறுநீரில் டிப்ஸ்டிக் (நிறம் மாறும் சோதனைப் பட்டி) போட்டுப் பார்த்தால் போதாதா? மலிவாகவும் இருக்கிறதே.

இந்த நோய்க்குப் போதாது. இது சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையும் முதலில் தாக்குவது. ஆரம்பத்தில் சிறுநீரில் புரதம் குறைவாகவே போகும், சிலரில் போகவே போகாது. டிப்ஸ்டிக்கோ அல்புமின் என்ற புரதத்தைத்தான் தேடுகிறது.

என்ன நடக்கும் என்று கணக்காகப் பார்ப்போம். 1,000 பேர், உண்மையில் 80 பேருக்கு நோய். கருவி நோயுள்ளவரில் பாதிப் பேரைத்தான் பிடிக்கிறது (உணர்திறன் 50 வீதம்), நோயற்றவரில் 95 வீதத்தினரைச் சரியாக விடுவிக்கிறது (தனித்தன்மை 95 வீதம்). அப்போது 40 நோயாளரும், நோயற்ற 920 பேரில் 46 பேரும் பிடிபடுவார்கள். மொத்தம் 86, அதாவது 8.6 வீதம். உண்மை 8 வீதம். பார்த்தவுடன் "அருமையான கருவி" என்று தோன்றும். ஆனால் பிடிபட்டவர்களில் பாதிக்கு மேல் நோயற்றவர்கள், நோயாளரில் பாதிப்பேர் வீட்டில்.

அடுத்ததைப் பாருங்கள். அந்த 1,000 பேரில் 500 பேர் கிணற்று நீர், 500 பேர் குழாய் நீர். கிணற்றுக்காரரில் 60 பேருக்கும் குழாய்க்காரரில் 20 பேருக்கும் நோய், அதாவது மூன்று மடங்கு. கருவி காட்டுவது: கிணற்றில் 30ம் 22ம் சேர்ந்து 52, குழாயில் 10ம் 24ம் சேர்ந்து 34. மூன்று மடங்கு ஒன்றரை மடங்காகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, இரு தரப்பையும் ஒரே கருவி ஒரே மாதிரித்தான் அளந்தது. அப்படியிருந்தும் உண்மையான ஆபத்து பாதியாகத் தெரிகிறது. "தொடர்பு பெரிதாக இல்லை" என்று முடியும் ஆய்வைக் கண்டால் முதலில் அளவுகோலைச் சந்தேகியுங்கள்.

அப்படியானால் இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு) பார்த்தால் எல்லாம் சரியா?

சரியாகச் செய்தால் சரி. ஒருமுறை உயர்ந்ததை வைத்து நாட்பட்ட நோய் என்று எழுத முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்டது. கிரியேட்டினினை வைத்துக் கணிக்கும் சிறுநீரக வடிகட்டல் வீதம் (நிமிடத்துக்கு மில்லிலீற்றரில்) 60க்குக் கீழ் என்பதை மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தே உறுதி செய்ய வேண்டும். மத்தியானம் வரை வெயிலில் மண்வெட்டி பிடித்தவரின் இரத்தத்தில் கிரியேட்டினின் தற்காலிகமாக உயர்ந்திருக்கலாம். முந்திய இரவு இறைச்சிக் கறி சாப்பிட்டாலும் கொஞ்சம் கூடும். ஒரு ஊரில் காலை ஏழு மணிக்கும் மற்ற ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கும் இரத்தம் எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால், ஊர்களை அல்ல, நேரத்தைத்தான் ஒப்பிட்டிருப்பீர்கள்.

எல்லோரிடமும் காலையில், வேலைக்குப் போகுமுன் எடுங்கள். அன்றே சீரத்தைப் பிரித்துக் குளிரில் வையுங்கள். ஒரே ஆய்வுகூடம், ஒரே முறை. இரண்டு ஊர் மாதிரிகளையும் கலந்து ஒரே தொகுதியில் ஓட்டச் சொல்லுங்கள். ஊருக்கு ஒரு நாள் என்று ஓட்டினால் இயந்திரத்தின் அன்றைய சாய்வு ஊரின் சாய்வாக எழுதப்படும். இருபதுக்கு ஒரு மாதிரியை இரண்டாகப் பிரித்து வேறு இலக்கத்தில் அனுப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஆர்.ஓ. (சவ்வு வழியே வடிகட்டிச் சுத்திகரித்த) தண்ணீர் குடிப்பவர்களிடம் நோய் கூடுதலாக வந்திருக்கிறது. அது கெடுதலா?

தொடங்கிய காலத்தைக் கேளுங்கள்: எப்போதிருந்து குடிக்கிறார்? வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரக நோய் என்று சொன்ன அடுத்த வாரமே குடும்பம் ஆர்.ஓ. நீருக்கு மாறிவிடும். நோய் முந்தியது, நீர் பிந்தியது. ஒரே நாளில் இரண்டையும் கேட்கும் குறுக்குவெட்டு ஆய்வில் இது தலைகீழாகத் தெரியும். 1965இல் பிரித்தானியப் புள்ளியியலாளர் பிராட்போர்ட் ஹில் காரணத்தை மதிப்பிட ஒன்பது நோக்குகளை முன்வைத்தார். அவற்றில் எதை விட்டாலும், காரணம் விளைவுக்கு முந்த வேண்டும் என்பதை விட முடியாது. "இப்போது என்ன நீர்" என்பதோடு "நோய் தெரிய ஐந்து வருடத்துக்கு முன் என்ன நீர்" என்பதையும் கேளுங்கள். பகுப்பாய்வில் பின்னதைப் பாவியுங்கள்.

குழப்பக் காரணி என்பது பக்கச்சார்பில் சேருமா?

சேரும். ஆட்தெரிவும் அளவையும் முதல் இரண்டு வாசல்கள் என்றால் அது மூன்றாவது வாசல்: நாம் சந்தேகிக்கும் காரணத்தோடும் நோயோடும் சேர்ந்து வரும் வேறொரு காரணி. கிணற்று நீர் குடிப்பவர் 500 பேரில் 400 பேரும், குழாய் நீர் குடிப்பவர் 500 பேரில் 100 பேரும் விவசாயிகள் என்று வைப்போம். நீர் எதுவானாலும் விவசாயிகளில் 12 வீதத்தினருக்கும் மற்றவர்களில் 3 வீதத்தினருக்கும் நோய். கிணற்றில் 48ம் 3ம் சேர்ந்து 51, குழாயில் 12ம் 12ம் சேர்ந்து 24. கிணற்று நீர் இரண்டு மடங்கு ஆபத்து என்று தெரியும். விவசாயிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. நோயைக் கொண்டுவந்தது வயல், பழி விழுந்தது கிணற்றில்.

இதற்கு வழிகள் உண்டு: ஒரு குழுவை மட்டும் எடுப்பது, நோயாளிக்கு ஒத்த ஒப்பீட்டாளரைப் பொருத்துவது, அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்பது, பல காரணிகளின் விளைவைச் சேர்த்துக் கணிக்கும் பின்னடைவுச் சமன்பாட்டில் சேர்ப்பது. ஆனால் அளக்காத ஒன்றை எந்தச் சமன்பாடும் சரிசெய்யாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹோர்மோன் மாத்திரை இதய நோயைக் குறைக்கிறது என்று பெரிய அவதானிப்பு ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருந்தன. 16,000க்கு மேற்பட்ட பெண்களைக் குலுக்கிப் பிரித்துச் செய்த அமெரிக்கப் பரிசோதனை, அந்தப் பாதுகாப்பு இல்லை, ஆபத்தே கூடுகிறது என்று 2002இல் இடைநிறுத்தப்பட்டது. மாத்திரை எடுத்தவர்கள் ஏற்கனவே வசதியும் உடல்நலமும் கூடியவர்கள் என்பது இந்த முரணுக்குச் சொல்லப்பட்ட முக்கிய விளக்கங்களில் ஒன்று. கண்டதையெல்லாம் சமன்பாட்டில் போடுவதும் பிழைதான். சிறுநீரகம் பழுதானதால் ஏறிய இரத்த அழுத்தத்தை "சரிசெய்தால்", விளைவின் ஒரு பகுதியை நீங்களே அழிக்கிறீர்கள்.

நிலத்தடி நீரின் கடினத்தன்மை வரைபடமும் நோயாளர் வரைபடமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகின்றன. இது ஆதாரம் இல்லையா?

தேடத் தொடங்குவதற்கான தடயம். பிரதேசத்தின் சராசரி, அங்கே நோயுற்றவர் எந்த நீரைக் குடித்தார் என்பதைச் சொல்லாது. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் நீரும் கடினமானதுதான், ஆனால் இந்த நோய் அங்கே இந்த அளவுக்கு இல்லை. கிளைபோசேட் என்ற களைநாசினியும் கடின நீரும் சேர்வதே காரணம் என்று 2014இல் வெளிவந்த கட்டுரை தன்னைக் கருதுகோள் என்றே சொன்னது. 2015இல் கிளைபோசேட்டுக்கு நாடு முழுவதும் தடை வந்தது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. தடை சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஒவ்வொரு ஆளின் வெளிப்பாட்டையும் அளந்த ஆய்வு இல்லாமல், அந்த விவாதத்தை எந்தப் பக்கமும் முடித்துவைக்க முடியாது.

வைத்தியசாலைக் கணக்கையும் அறிவித்தல் படிவத்தையும் எவ்வளவு நம்பலாம்?

போக்கைப் பார்க்கலாம், அளவைச் சொல்ல முடியாது. எலிக்காய்ச்சலுக்கு எச் 544 என்ற அறிவித்தல் படிவம் சந்தேகத்திலேயே நிரப்பப்படும், நிரப்ப வேண்டியதும் அப்படித்தான். புதிய வைத்தியர் வந்து ஒழுங்காக நிரப்பத் தொடங்கினால் நோய் பெருகியது போலத் தெரியும். முள்ளியவளை வயலில் தொற்றியவர் யாழ்ப்பாண விலாசம் கொடுத்தால் கணக்கு அங்கே போகும். பாம்புக்கடியில் இடைவெளி இன்னும் பெரிது. 2012–13 காலத்துக்காக இலங்கை முழுவதும் வீடு வீடாகச் செய்த ஆய்வு, ஒரு வருடத்தில் சுமார் 80,000 கடிகளும் 400க்கு மேற்பட்ட மரணங்களும் என்று மதிப்பிட்டது. வைத்தியசாலைப் பதிவில் வருவதைவிட இது மிகக் கூட. விஷகடி வைத்தியரிடம் போனவரும் வழியில் இறந்தவரும் வார்டுக் கணக்கில் வருவதில்லை.

தொடர் கண்காணிப்பில் ஆட்கள் விடுபட்டுப் போகிறார்கள். எத்தனை வீதம் வரை பரவாயில்லை?

20 வீதம் என்று ஒரு பேச்சுவழக்கு எல்லை உண்டு. அதில் ஒளிந்துகொள்ள வேண்டாம். 5 வீதம் போனாலும், போனவர்கள் எல்லோரும் நோய் முற்றி ஊரைவிட்டுப் போனவர்களானால் முடிவு கெட்டுவிடும். சேர்க்கும் நாளிலேயே வேறு வீட்டில் இருக்கும் இரண்டு உறவினரின் தொலைபேசி இலக்கத்தை எழுதி வாங்குங்கள்.

போருக்குப் பிந்திய ஆய்வுகளில் இன்னொன்றையும் தெளிவாக எழுத வேண்டும். உயிரோடு இருப்பவர்களையும் நாட்டில் இருப்பவர்களையும்தான் நாம் அளக்கிறோம். இல்லாதவர்களின் பழைய கிளினிக் அட்டைகளும் பல இடங்களில் அவர்களோடே போய்விட்டன.

தரவு வந்துகொண்டிருக்கும்போதே பிழையைப் பிடிக்க ஏதாவது வழி?

கடைசி இலக்கங்களைப் பாருங்கள். இரத்த அழுத்த அளவுகளில் டிஜிட்டல் கருவியென்றால் சுமார் 10 வீதமும், இரண்டிரண்டாக வாசிக்கும் பழைய கருவியென்றால் சுமார் 20 வீதமும் பூச்சியத்தில் முடிய வேண்டும். ஒரு உதவியாளரின் அளவுகளில் பாதி பூச்சியத்தில் முடிந்தால் அவர் கண்ணால் வட்டமாக்குகிறார். வயதில் 40, 45, 50 குவிந்தால் தேசிய அடையாள அட்டையைக் கேளுங்கள். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கமும், புதிய 12 இலக்க அட்டையின் முதல் நான்கும் பிறந்த வருடம். இந்தச் சோதனையை வாரம் ஒருமுறை செய்யுங்கள். எல்லாம் முடிந்த பிறகு செய்தால் வருந்தத்தான் முடியும்.

எல்லாம் முடிந்துவிட்டது. அளவுகோல் பலவீனமென்று இப்போதுதான் தெரிகிறது. ஏதாவது செய்யலாமா?

தெரிவில் விட்ட பிழையைத் திருத்துவது கடினம். அளவுப் பிழையை ஓரளவு திருத்தலாம். ரோகன், கிளாடன் என்ற ஆய்வாளர் இருவரும் 1978இல் தந்த வாய்பாடு எளியது: கண்ட வீதத்தோடு தனித்தன்மையைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள், அதை, உணர்திறனும் தனித்தன்மையும் சேர்ந்த தொகையில் ஒன்றைக் கழித்து வருவதால் வகுங்கள். மேலே பார்த்த டிப்ஸ்டிக் கணக்கில் கிணற்றுக்காரரின் 10.4 வீதத்தைப் போட்டால் 0.054ஐ 0.45ஆல் வகுக்க 12 வீதம் வரும். குழாய்க்காரரின் 6.8 வீதத்துக்கு 0.018ஐ 0.45ஆல் வகுக்க 4 வீதம். மூன்று மடங்கு திரும்பி வந்துவிட்டது.

ஆனால் அந்த 50, 95 என்ற எண்களை வேறு நாட்டுக் கட்டுரையிலிருந்து எடுத்துப் போட்டால் திருத்தமே புதிய பிழையாகும். உங்கள் ஆட்களில் குலுக்கி எடுத்த நூறு, நூற்றைம்பது பேரிடம் இரத்தப் பரிசோதனையும் செய்து, இரண்டையும் ஒப்பிட்டு அந்த எண்களைப் பெறுங்கள். டிப்ஸ்டிக் நோய் என்று காட்டியவர், காட்டாதவர் இருவருமே அதில் இருக்க வேண்டும். டிப்ஸ்டிக் நோய் என்று காட்டியவரை மட்டும் மறுபரிசோதித்தால் தவறவிட்ட நோயாளர் எத்தனை என்பது தெரியாது. நோயாளர் குறைவான ஊரில் அந்த நூற்றைம்பது பேரில் பத்துப் பன்னிரண்டு நோயாளரே கிடைப்பார்கள். உணர்திறனின் இடைவெளி அகலமாக வரும். ஆகவே அதன் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் போட்டு இரண்டு முறை கணக்கிட்டு, இரண்டு விடையையும் அறிக்கையில் எழுதுங்கள்.